எங்க மதினி இருக்காகளே

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் நானும் என் மகள் ரோஸியும் பரளச்சியில் பஸ் ஏறித் திருச்சுழிக்குப் போனோம். ரசாக் பாய் வீட்டுக் கூடத்தில் ஜமுக்காளம் விரித்திருந்தது. எங்களுக்கு முன்பே பாதித் தெரு வந்து உட்கார்ந்திருந்தது.

ரசாக் பாய்க்கு அங்கே பலசரக்குக் கடை. மகன் சவூதியில் இருந்தான். அவன் கொண்டுவந்து வைத்த கலர் டிவியும் வீடியோ டெக்கும் அந்த வட்டாரத்துக்கே பொதுச்சொத்தாகிவிட்டன. பாயின் மனைவி பாத்திமா அக்கா, தன் கையால் பூவேலை செய்த துணியைப் போட்டு டிவியை மூடி வைத்திருப்பார். கேசட் வந்தால்தான் அந்தத் துணி விலகும்.

அன்று வந்திருந்தது சிங்கப்பூர்க் கேசட். சோப்பும் சென்டும் இருந்த பெட்டியில் கிடந்து வந்ததால் கேசட்டே மணத்தது. அதில் இருந்தது என் கொழுந்தன் சூசை. என் வீட்டுக்காரரின் ஒரே தம்பி. அந்த ஊர் டிவியில் மேடை போட்டு, தனியாக நின்று பேசியே ஜனங்களைச் சிரிக்கவைப்பதுதான் அவனுடைய பிழைப்பு.

திரை விலகியது. மஞ்சள் கோட்டோடு சூசை வந்து நின்றான். உடம்பு போட்டிருந்தான். கோட்டுப் பொத்தானைப் போட முடியாமல் திறந்து விட்டிருந்தான். மைக்கை ஒரு தட்டுத் தட்டினான். கூடத்தில் இருந்தவர்கள் அதற்குள் என் பக்கம் பாதி திரும்பிவிட்டார்கள்.

காரணம் இருக்கிறது. அவன் எந்த மேடையில் ஏறினாலும் முதல் வரி ஒன்றுதான். "எங்க மதினி இருக்காகளே..." அந்த மதினி நான். அவன் அதைச் சொன்னதும் எல்லோரும் என்னைப் பார்ப்பார்கள். நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, முந்தானையை இழுத்து விட்டுக்கொண்டு, "இவனுக்கு வேற வேல இல்ல" என்பேன். கேசட் பார்ப்பதில் அதுவும் ஒரு பகுதி.

அன்று அவன் சொன்னது வேறு.

"எங்க பக்கத்து வீட்டுல ஒரு அக்கா இருக்காங்க..."

அந்த அக்காவும் என்னைப் போல டீச்சராம், கையில் பிரம்பாம். அந்த அக்கா வைக்கிற சாம்பாரிலும் தண்ணீர்தான் அதிகமாம். அந்த அக்காவின் வீட்டுக்காரரும் சோறு வேண்டுமென்றால் கையைத் தூக்கித்தான் கேட்பாராம். எல்லாம் என்னுடையவை. என் சாம்பார், என் பிரம்பு, என் வீட்டுக்காரர். நான் மட்டும் அதில் இல்லை.

அந்த ஊர் ஜனங்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எங்கள் கூடத்தில் ஒருவரும் சிரிக்கவில்லை. பாத்திமா அக்கா என்னைப் பார்க்க வந்த முகத்தை அப்படியே திருப்பிக்கொண்டு, காலியாக இருந்த டீத் தம்ளர்களை எடுக்க ஆரம்பித்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது. என் வீட்டுக்காரர் இறந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. அதை நினைத்து அழுகிறேன் என்று எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். அது பாதிதான் உண்மை.

முறை உள்ளவர்களின் உரிமை

போன வாரம் இந்தத் தொடரில் என் கல்யாணக் கதையை எழுதியபோது கொழுந்தனை ஒரு வரியில் தாண்டிப் போய்விட்டேன். படித்துவிட்டு என் தங்கை வந்து சண்டை பிடித்தாள். "சூசை மச்சான் இல்லாம உன் கல்யாணமா? அவர்தான அன்னைக்குப் பந்தலையே நடத்துனாரு" என்றாள். அவள் சொல்வது சரிதான். தாலி கட்டியது மட்டுந்தான் அண்ணன், மீதியெல்லாம் தம்பி.

எங்கள் பக்கத்தில் கேலிக்கு ஒரு சட்டம் உண்டு. மாமன், மச்சான், மதினி, கொழுந்தியாள் என்று கேலிக்கு முறை உள்ளவர்கள் இருக்கிறார்கள். சித்தப்பா, பெரியம்மா என்று முறை இல்லாதவர்கள் இருக்கிறார்கள். முறை இல்லாதவர்களைக் கேலி பண்ணினால் அடி விழும். முறை உள்ளவர்களைக் கேலி பண்ணாமல் விட்டால் அவர்கள் கோபித்துக்கொள்வார்கள். ஒரு கல்யாண வீட்டில் தன்னை யாருமே கேலி செய்யவில்லை என்று பந்தியிலிருந்து எழுந்து போன தாய்மாமனை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

இதில் மதினிக்கும் கொழுந்தனுக்கும் உள்ளது தனிக் கணக்கு. புகுந்த வீட்டில் புதுப்பெண் பயந்துபோய் நிற்கும்போது, முதலில் அவள் வாயைத் திறக்கவைப்பது கொழுந்தனின் வேலை.

நான் கல்யாணமாகி வந்த அன்றைக்கு மறுநாள் சாம்பார் வைத்தேன். பயத்தில் தண்ணீர் கூடிவிட்டது. எல்லோரும் குனிந்த தலையோடு சாப்பிட்டார்கள். சூசை தட்டை உற்றுப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

"என்னய்யா பாக்க?" என்று என் வீட்டுக்காரர் கேட்டார்.

"ஒண்ணுமில்லண்ணே. ஊர்க் கம்மாயில தண்ணியக் கண்டு எத்தன வருசமாச்சு. மதினி வந்த மறுநாளே நம்ம வீட்டுத் தட்டுல கம்மா பெருகிருச்சு. மடையத் தெறந்து விடணும்ல, எங்க தெறக்கன்னு பாக்கேன்."

எனக்கு வந்த கோபத்தில் பயம் போய்விட்டது. "மடைக்குக் கீழ உன் வாயத் தெறந்து வையி" என்றேன். மாமனார் உட்பட எல்லோரும் சிரித்துவிட்டார்கள். அந்த வீடு என் வீடானது அந்த நிமிஷத்தில்தான்.

பாலவனத்தத்தில் நின்றுபோன வேன்

எங்கள் ஊர் அந்தோணியார் கோயில் திருவிழாவுக்கு அந்த வருஷம் விருதுநகர்ப் பக்கமிருந்து பாட்டுக் கச்சேரி சொல்லியிருந்தார்கள். பொழுது சாய்கிற நேரம். ஜனம் வந்து உட்கார்ந்தாயிற்று. கச்சேரிக்காரர்களின் வேன் பாலவனத்தத்தில் பழுதாகி நிற்கிறது என்று சைக்கிளில் வந்தவர் சொன்னார். கூட்டம் முணுமுணுக்கத் தொடங்கியது. விழாக் கமிட்டிக்காரர் ஒருவர் சூசையைப் பிடித்து மேடையில் தள்ளிவிட்டார்.

"ஏலே, வண்டி வர்ற வரைக்கும் எதையாச்சும் பேசுலே."

அவன் என்ன பேசுவான்? கைவசம் இருந்தது நான்தான்.

"எங்க மதினி இருக்காகளே, டீச்சரு. வீட்டுல கோழிகூட வரிசையில நின்னுதான் தீனி திங்கும். ஆட்டுக்குட்டி லேட்டா வந்துச்சுன்னா வெளியவே நிப்பாட்டிருவாக. எங்க அண்ணன் இருக்காரே, இன்னைக்கும் சோறு வேணுமின்னா கையத் தூக்கித்தான் கேக்காரு. ரெண்டு கையத் தூக்குனா மறுசோறு."

பெண்கள் பக்கம் முழுக்க என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தது. பங்குச் சாமியார் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். வேன் வந்து சேர்ந்த பிறகும் கூட்டம் அவனை இறங்க விடவில்லை. நான் மண்ணைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். பூமி பிளந்தால் நல்லது என்று தோன்றியது. அதே நேரம், அவன் என்னை விட்டுவிட்டு வேறு யாரையும் பேசிவிடக் கூடாதே என்றும் இருந்தது. இரண்டும் ஒரே மனசுக்குள்தான் நடந்தன.

வீட்டுக்கு வந்து ஒரு பாட்டம் சண்டை போட்டேன். என் வீட்டுக்காரர் அமைதியாகக் கேட்டுக்கொண்டிருந்தார். அவர் பெயர் இன்னாசி. அருப்புக்கோட்டையில் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் தையல் கடை வைத்திருந்தார். அதிகம் பேசமாட்டார். தட்டுக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தவர், நான் பேசி முடித்ததும் மெதுவாக வலது கையைத் தூக்கினார்.

அன்று தொடங்கியது. கேலிக்காகச் சொன்னது எங்கள் வீட்டில் வழக்கமாகிவிட்டது. அதற்கப்புறம் அவர் ஒருநாளும் வாய் திறந்து சோறு கேட்டதில்லை.

ஒரு முதுகின் கதை

வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். சூசைக்கு வேலை வரத் தொடங்கியது. பாட்டுக் கச்சேரிகளில் பாடகர்கள் தண்ணீர் குடித்து மூச்சு வாங்குகிற இடைவெளியில் அவன் பேசுவான். எம்.ரெட்டியபட்டி, கமுதி, காரியாபட்டி என்று சுற்றினான்.

அவனுக்கு ஒரு தொழில் பழக்கம் இருந்தது. எந்த ஊருக்குப் போனாலும் வெயில் இருக்கும்போதே போய் டீக்கடையில் உட்கார்ந்துவிடுவான். யார் யாருக்கு மாமன், யார் யாருக்கு மச்சான், எந்தச் சம்பந்திகளுக்குள் பேச்சுவார்த்தை இல்லை என்று கேட்டுக்கொள்வான். மேடை ஏறியதும் யாரைக் கேலி பண்ணலாம், யாரைத் தொடக்கூடாது என்பது அவனுக்கு அத்துப்படியாகிவிடும். எங்கும் ஒரு சண்டை வந்ததில்லை.

அவனுக்கு மேடைக் கோட்டு தைத்துக் கொடுத்தது என் வீட்டுக்காரர்தான். சாமியார் பங்களாவுக்கு ஜன்னல் திரை தைத்ததில் மிஞ்சிய துணி. கண்ணைக் குத்துகிற மஞ்சள், அதில் சிவப்புப் பூ. "இத என் ஜன்னல்ல பாத்த மாதிரி இருக்கே" என்று சாமியாரே கேட்டுவிட்டார்.

பிறகு சினிமா ஆசை வந்தது. மெட்ராஸுக்குப் போய் ரொம்ப நாள் அலைந்தான். ஒரு படத்தில் கல்யாணப் பந்தியில் சாப்பிடுகிறவனாக நடித்திருப்பதாகவும், வசனமும் உண்டு என்றும் தகவல் வந்தது. படம் அருப்புக்கோட்டைக்கு வந்ததும் குடும்பமாகக் காராச்சேவு வாங்கிக்கொண்டு போய் உட்கார்ந்தோம். பந்தி வந்தது. இலை வந்தது. சூசை வரவில்லை. ஒரு வரிசை முதுகுகள் மட்டும் நகர்ந்து போயின.

அவமானமாகப் போய்விட்டது. அப்போது என் வீட்டுக்காரர் நாற்காலி நுனிக்கு வந்து, "அந்தா, நம்ம சூசை" என்றார்.

"எங்க?"

"மூணாவது முதுகு. காலரப் பாரு. என் தையலு."

மறுநாளும் அவர் தனியாகப் போய் அந்த முதுகைப் பார்த்துவிட்டு வந்தார். ஊரில் சூசைக்கு "முதுகு நடிகர்" என்று பேர் வைத்துவிட்டார்கள். அவன் சிரித்துக்கொண்டான். ஆனால் அதற்குப் பிறகு மெட்ராஸ் பக்கம் போகவில்லை. உள்ளூர் மாடு விலை போகாது என்று அவனே சொல்லிக்கொண்டான். அந்தச் சமயத்தில்தான் ஒரு பாட்டுக் குழு சிங்கப்பூர்க் கோயில் திருவிழாவுக்குப் போகிறது, கூட வருகிறாயா என்று கேட்டார்கள்.

போகிற அன்று கோட்டை மடித்துக் கொடுத்தபோது என் வீட்டுக்காரர் சொன்னார்: "அந்த ஊர்ச் சோறு உடம்ப ஏத்தும்யா. ரெண்டு பக்கமும் உள்ளுக்குள்ள துணி மடிச்சு விட்டிருக்கேன். இறுக்கிப் புடிக்கும்போது பிரிச்சு விட்டுக்கிரு."

அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் சூசை என் காலைத் தொடக் குனிவது போல் குனிந்து, என் செருப்பைப் பார்த்து, "மதினி, இது டீச்சர் செருப்பா, பெரம்பா? அடிக்க அடிக்கத் தேஞ்சிருக்கு" என்றான். பஸ் போன பிறகும் நான் சிரித்துக்கொண்டிருந்தேன். வீட்டுக்கு வந்து சோற்றுப் பானையைத் திறந்தபோதுதான் அழுகை வந்தது. அவனுக்கும் சேர்த்து வடித்திருந்தேன்.

திருப்பிப் போடுங்க பாய்

திருவிழாவுக்குப் போனவன் அங்கேயே தங்கினான். அங்கே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண்ணைக் கட்டினான். பகலில் சாப்பாட்டுக் கடை வேலை, மற்ற நேரம் டிவி நாடகம்.

முதல் கேசட்டில் அவன் ஹோட்டல் சர்வர். தட்டோடு வந்து "டீயா, காப்பியா?" என்று கேட்டுவிட்டுப் போய்விடுவான். கண் மூடித் திறப்பதற்குள் முடிந்துவிட்டது. என் வீட்டுக்காரர் திரையை விட்டுக் கண் எடுக்காமல், "திருப்பிப் போடுங்க பாய்" என்றார். ரசாக் பாய் திருப்பிப் போட்டார். சூசை பின்பக்கமாக நடந்து போய், மறுபடி முன்னால் வந்து, "டீயா, காப்பியா?" என்றான். "இன்னொரு தடவ பாய்." யாருக்கும் சலிக்கவில்லை. முதுகில் தொடங்கியவனுக்கு முகம் வந்துவிட்டதே.

அப்புறம் போலீஸ்காரன், முடி வெட்டுகிறவன், கல்யாணத் தரகன் என்று வரிசையாக வந்தான். கடைசியில் தனியாக மேடையே கொடுத்துவிட்டார்கள். விளம்பரத்தில் "மதுரை சூசை" என்று போட்டிருந்தான். "அருப்புக்கோட்டைன்னு போட்டா என்னவாம்?" என்று எனக்கு எரிச்சல். "மதுரைன்னாத்தான் அங்க தெரியும்" என்று என் வீட்டுக்காரர் தம்பிக்கு வக்காலத்து வாங்கினார்.

ஒரு தடவை ரசாக் பாய் கடைக்கு போன் பண்ணி என்னோடு பேசினான்.

"இங்க யாரு யாருக்கு முறைன்னே தெரியல மதினி. ஒருத்தரப் பாத்துப் பேச வாய் வர மாட்டேங்கு. எல்லாரும் சாரு, இல்லாட்டி பிரதரு. பயந்து பயந்து பேச வேண்டியிருக்கு. ஒங்கள விட்டா எனக்கு ஆளில்ல."

நிகழ்ச்சி நடத்துகிறவர், மதினி என்றால் இங்கே பாதிப்பேருக்குப் புரியாது, அண்ணி என்று சொல்லுங்கள் என்றாராம். "அண்ணின்னா வேற யாரையோ பேசுற மாதிரி இருக்கு சார்னு சொல்லிட்டேன் மதினி" என்றான். நான், "எப்படியோ கடல் தாண்டியும் என் மானத்த வாங்கு" என்று சொல்லிவிட்டு போனை வைத்தேன். பஸ்ஸில் வரும்போது வழியெல்லாம் வேலிக்கருவையும் காய்ந்த கரிசலும்தான். எனக்கு என்னவோ அன்றைக்கு எல்லாம் அழகாக இருந்தது.

அவர் கை தூக்கிய கடைசி நாட்கள்

என் வீட்டுக்காரருக்கு மஞ்சள்காமாலை வந்து உள்ளுக்குள் முற்றிவிட்டது. மதுரை ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்த்துவிட்டு, வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போங்கள் என்றார்கள். கட்டிலில் படுத்திருந்தார். சத்தம் எழவில்லை. நான் அடுப்படியில் இருந்தேன். திரும்பிப் பார்த்தால், போர்வைக்கு வெளியே கை ஒன்று மேலே நிற்கிறது.

தண்ணீரோடு ஓடினேன். ஒரு வாய் குடித்துவிட்டு, "சூசை சொன்னது பலிச்சிருச்சு டீச்சரு" என்றார். அந்த நிலையிலும் உதட்டில் சிரிப்பு. கடைசிவரை அந்தக் கைதான் எங்களுக்குள் பேசிக்கொண்டிருந்தது.

அவர் போன தகவல் சிங்கப்பூருக்குப் போனபோது சூசையின் மனைவி பிரசவத்துக்கு ஆஸ்பத்திரியில் இருந்தாள். அவனால் வர முடியவில்லை. போனில் அவன் பேசவே இல்லை. மூச்சு மட்டும் கேட்டது. அதற்குப் பிறகு வந்ததுதான் நான் முதலில் சொன்ன கேசட்.

அன்று எல்லோரும் போன பிறகு பாத்திமா அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அண்ணன் இல்லாத வீட்டுல தம்பி கேலி பேசுனா நல்லாருக்குமா டீச்சர்? உலை வாய மூடலாம், ஊர் வாய மூட முடியுமா? ஒங்க மேல உள்ள மரியாதைக்குத்தான் விட்டிருக்காரு."

"எனக்கு எதுக்குக்கா அந்த மரியாத?" என்றேன். அவருக்கு அது புரிந்திருக்காது. அப்போது எனக்கே முழுசாகப் புரியவில்லை. பூ வேலை செய்த துணியை மறுபடி டிவி மேல் போட்டார். 

வீட்டுக்கு வந்து யோசித்தபோதுதான் விளங்கியது. கல்லறையில் அவர் பேர் இருக்கிறது. சுவரில் படம் இருக்கிறது. தையல் மெஷின் உறை போட்டு நிற்கிறது. எல்லா இடத்திலும் அவர் இறந்துபோனவர். சூசையின் பேச்சு ஒன்றில்தான் அவர் இன்றைக்கும் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து சோறு கேட்டுக்கொண்டிருந்தார். பேச்சிலிருந்து மதினியை எடுத்தபோது அண்ணனையும் எடுத்துவிட்டான்.

நல்லா இருக்கு மதினி

அடுத்த வருஷம் சூசை வந்தான். பெரிய பெட்டி, தங்கப் பட்டை போட்ட வாட்ச், தலைக்குச் சாயம். தெருப் பிள்ளைகள் பின்னாலேயே வந்தன. வாசலில் நின்று, "நல்லா இருக்கீங்களா மதினி?" என்று கேட்டான். அந்தக் கேள்வியைத் தாசில்தார் கேட்கலாம், கொழுந்தன் கேட்கக்கூடாது.

கல்லறைக்குப் போய்விட்டு வந்து அண்ணன் படத்துக்கு எதிரே உட்கார்ந்தான். நான் அடுப்படிக்குள் போய்ச் சாம்பார் வைத்தேன். வேண்டுமென்றே செம்பு செம்பாகத் தண்ணீரை ஊற்றினேன்.

"என்னம்மா இது, பருப்பத் தேடித்தான் புடிக்கணும் போல" என்றாள் ரோஸி.

"பேசாம இரு. உங்க சித்தப்பா சொல்லட்டும்."

பரிமாறினேன். சாம்பார் சோற்றில் நிற்காமல் தட்டின் ஓரம்வரை ஓடியது. அவன் தட்டைப் பார்த்தான். நான் கரண்டியோடு காத்து நின்றேன். அவன் பிசைந்து ஒரு வாய் சாப்பிட்டான்.

"நல்லா இருக்கு மதினி."

இன்னும் ஒரு கரண்டி ஊற்றினேன். குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டான். எனக்கு ஆத்திரம் பொங்கிவிட்டது.

"யாருய்யா அந்தப் பக்கத்து வீட்டு அக்கா?"

அவன் கை நின்றது. "எந்த அக்கா?"

"டிவியில சொன்னியே. என் பக்கத்து வீட்டுல அப்படி ஒருத்தியும் இல்லயே."

சோற்றில் விரலால் கோடு கிழித்தான். "அண்ணன் போன பெறகு எப்படி மதினி? ஊரு நாலு விதமாப் பேசும். பிள்ளையும் வளந்துருச்சு. எனக்கும் வாயி வரல."

"ஊரு பேசுனா நான் பாத்துக்கிருதேன். என்னைய எடுத்தது போகட்டும்யா. உங்க அண்ணனையுமுல்ல சேத்து எடுத்துட்ட. அந்தப் பக்கத்து வீட்டுக்காரி புருசன் கையத் தூக்குனா எனக்கென்ன, காலத் தூக்குனா எனக்கென்ன? உங்க அண்ணன் உசுரோட உக்காந்து சோறு கேட்டது அந்த ஒரு எடத்துலதான்யா. அதுலயும் அவுகள இல்லாம ஆக்கிட்டயே."

சொல்லிவிட்டு நான் சுவரில் சாய்ந்துகொண்டேன். ரோஸி என்னையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தாள். சூசையின் கண்ணீர் தட்டிலேயே விழுந்தது. அவன் துடைக்கவில்லை. தட்டில் இருந்ததை வழித்துச் சாப்பிட்டு முடித்தான். எழுந்து போகப்போகிறான் என்று நினைத்தேன்.

அவன் கை மெல்ல மேலே வந்தது.

அதே மாதிரி. முழங்கையை மடக்கி, உள்ளங்கை என் பக்கம் தெரிய, அண்ணன் தூக்குகிற மாதிரியே.

அந்தக் கையை அப்படியே பிடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. ஆனால் முறை என்று ஒன்று இருக்கிறதே. "என்ன வேணும்? எந்திரிச்சு நின்னு கேளு" என்றேன்.

எழுந்து நின்றான். "சாம்பாரு டீச்சர். அங்கயும் இங்கயும் பெய்ய வேண்டிய மழையெல்லாம் இந்த ஒரு சட்டிக்குள்ள பேஞ்சிருக்கு. ஊத்துங்க, நீச்சலடிச்சே ஊரு போய்ச் சேந்துருதேன்."

ரோஸிதான் முதலில் சிரித்தாள். அப்பா போனபிறகு அவள் சத்தமாகச் சிரித்து அன்றுதான் கேட்டேன். நான் சிரித்தேனா அழுதேனா என்று எனக்குத் தெரியாது.

கிளம்புவதற்கு முன்னால் பெட்டியிலிருந்து கோட்டை எடுத்தான். "அங்க தையக்காரங்ககிட்டக் குடுக்க மனசு வரல மதினி" என்றான். மெஷின் உறையை நான் கழற்றினேன். ஓரத்துத் தையலைப் பிரித்தபோது, அவர் சொன்னபடியே இரண்டு பக்கமும் துணி மடிந்து இருந்தது. வெயிலும் விளக்கும் படாததால் மங்காத மஞ்சள். எனக்குத் தெரிந்த அளவுக்கு ஓட்டிக் கொடுத்தேன். கோணலாகத்தான் வந்தது.

அவன் போய்ச் சேர்ந்தான். அதற்குப் பிறகு ஊருக்கு வந்ததெல்லாம் நல்லது கெட்டதுக்கு எப்போதாவதுதான். அங்கேதான் அவன் பிள்ளைகள், அங்கேதான் அவன் வீடு. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. வடிக்கிற சோற்றில் ஒரு பிடி மட்டும் எனக்கு இன்றைக்கும் கூடிப்போகும்.

சில மாதம் கழித்துத் திருச்சுழியிலிருந்து ஆள் வந்தது, கேசட் வந்திருக்கிறது என்று. போனோம். பாத்திமா அக்கா துணியை விலக்கினார். திரையில் சூசை. கோட்டுப் பொத்தான் போட்டிருந்தது. இரண்டு விலாப் பக்கமும் ஒரு விரல் அகலத்துக்குப் புது மஞ்சள் பளிச்சென்று தெரிந்தது. மைக்கைத் தட்டினான்.

"எங்க மதினி இருக்காகளே..."

கூடம் முழுக்க என்னைத் திரும்பிப் பார்த்தது. நான் சொல்லவேண்டியதைச் சொல்ல எனக்கு நா எழவில்லை. பாத்திமா அக்காதான் எனக்குப் பதிலாக, "இவருக்கு வேற வேல இல்ல" என்றார்.

"எங்க அண்ணன் இருக்காரே, இன்னைக்கும் சோறு வேணுமின்னா..." என்று சொல்லி, சூசை கையைத் தூக்கினான்.

அந்த ஊரில் யாருக்கும் என் வீட்டுக்காரர் இறந்தது தெரியாது. அத்தனை பேரும் அவர் உயிரோடு இருப்பதாக நினைத்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"திருப்பிப் போடுங்க பாய்" என்றேன்.